கூடாது என்று டிக் அடித்திருந்தாள்

என் வாய்க்குப் பூட்டுப் போட வேண்டும் என்று அம்மா சின்ன வயதிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறாள். இந்த வாயை வைத்துக்கொண்டுதான் மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை தேடித் தரும் அலுவலகத்தில் குப்பை கொட்டுகிறேன்.

எங்களிடம் வேலை கேட்டு வந்த ஒரு தையல்காரப் பெண்ணுக்கு வலிப்பு நோய். மாத்திரையின் தயவில் நான்கு வருடமாக வரவில்லை. எங்கள் படிவத்தில், நோய் விவரத்தை வேலை கொடுப்பவரிடம் சொல்லலாமா என்று ஒரு கேள்வி உண்டு. "கூடாது" என்ற கட்டத்தில் தாள் கிழிய டிக் அடித்திருந்தாள். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மிஷினில் வேலை கிடைத்தது. இரண்டே மாதத்தில் அந்த வரிசையில் அவள் கைதான் வேகம்.

மாதாமாதம் நான் போய்ப் பார்த்துவர வேண்டும். போன முறை மேலாளர் டீ வாங்கிக் கொடுத்து அவளைப் புகழ்ந்து தள்ளினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"பொறுப்பான பொண்ணு சார். மாத்திரையக்கூட ஒருநாள் விட மாட்டா" என்றேன்.

"என்ன மாத்திரை?" என்றார்.

சமாளிக்கப் பார்த்து எல்லாவற்றையும் உளறிக் கொட்டினேன். மறுநாளே அவளை மிஷினிலிருந்து எழுப்பி நூல் பிசிறு வெட்டும் மேசையில் உட்கார வைத்துவிட்டார்கள்.

அவள் எனக்குத்தான் போன் செய்தாள். "அக்கா, என்ன தப்பு பண்ணேன்னு கேட்டா யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. நீங்க கேட்டுச் சொல்றீங்களா?"

கேட்டுச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். எங்கள் அலுவலகத் தலைவியிடம் போய் நின்றேன். அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "மேலாளரே எப்படியோ தெரிஞ்சுக்கிட்டாருன்னு அவகிட்ட சொல்லிடு. எழுத்துல எதுவும் வேணாம். வேலை ஒண்ணும் போகலையே."

போகவில்லைதான். எங்கள் பட்டியலில் அவள் இன்னும் வேலையில் இருப்பவள். அதை நினைக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நடந்ததை ஒன்றுவிடாமல் அவள் கோப்பில் எழுதிவிட்டு, நேராக அவள் வீட்டுக்குப் போனேன்.

"உன் வலிப்பு விஷயத்த மேலாளர்கிட்ட சொன்னது நான்தாம்மா" என்றேன்.

அவள் கத்தியிருந்தால் தேவலை. துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே இருந்தாள். கடைசித் துணியையும் அடுக்கிவிட்டுத்தான் வாயைத் திறந்தாள். "நாளைக்கு மேலாளரப் பாக்கணும். கூட வாங்க. ஆனா நான்தான் பேசுவேன்."

மறுநாள் அவர் மேசையில் டாக்டர் கடிதத்தை வைத்தாள். "மிஷின்ல உக்காரலாம்னு டாக்டரே எழுதியிருக்காரு சார்."

மேலாளர் படித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "திடீர்னு வந்துச்சுன்னா இவங்க என்ன பண்ணுவாங்க மேடம்?"

நாக்கு நுனி வரை பதில் வந்துவிட்டது. விழுங்கினேன்.

"அவங்ககிட்டயே கேளுங்க சார்."

"வரப்போகுதுன்னா எனக்கு முன்னாடியே தெரியும்" என்றாள் அவள். "மிஷின அணைச்சிட்டுத் தரையில படுத்துக்குவேன். பக்கத்துல இருக்கறவங்க என்ன செய்யணும்னு நானே சொல்லித் தரேன். பிசிறு வெட்டற மேசையில வந்தாலும் இதேதான் சார்."

அவர் பேனாவைக் கொஞ்ச நேரம் உருட்டினார். பிறகு, மதியத்திலிருந்து மிஷினுக்குப் போகச் சொன்னார்.

வெளியே வந்ததும் எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவள் சிரிக்கவில்லை.

"உங்க ஆபீஸ்ல புகார் ஃபாரம் இருக்கா அக்கா? உங்க மேல எழுதணும்."

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். என் பெயரை எந்த இடத்தில் எழுத வேண்டும் என்றும் காட்டினேன். படிக்கட்டிலேயே உட்கார்ந்து நிதானமாக எழுதினாள். கை நீட்டினேன். தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"நானே கொண்டுபோய்க் குடுத்துக்கறேன்."

வலித்தது. வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். "அடுத்த மாசம் வேற ஆள அனுப்பச் சொல்லவா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? புது ஆளு இனிமேதான் உளறிக் கத்துக்கணும். நீங்களே வாங்க."