மாமியார் வாசிக்கவில்லை

எங்கள் இயந்திரத்துக்கு மாமியார் என்று பெயர் வைத்தவள் என் தங்கை. மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டு, பிறகு தன் இஷ்டத்துக்குச் சத்தம் போடும் என்பதால் அந்தப் பெயர். எங்கள் இருவருக்குமே கல்யாணம் ஆகவில்லை. அந்தத் தைரியம்தான்.

பழைய கார் ஹாரன்கள், வாஷிங் மெஷின் மோட்டார்கள், தகர டின்கள், பிளாஸ்டிக் குழாய்கள் எல்லாவற்றையும் இரும்புச் சட்டத்தில் வெல்டிங் வைத்துப் பொருத்தியவள் நான். அதற்கு மூளை கொடுத்தவள் சின்னவள். மைக் வழியாகச் சுற்றியுள்ள சத்தத்தைக் கேட்கும், கேட்டதிலிருந்து கற்றுக்கொள்ளும். எதைத் தட்டுவது, எதை ஊதுவது என்று தானே முடிவு செய்யும். எழுதி வைத்த ஸ்வரம் கிடையாது, தாளம் கிடையாது. மாமியாரின் நிகழ்ச்சிக்கு அரங்கத்தார் அச்சடித்த அழைப்பிதழில் 'யாரும் இயற்றாத இசை' என்று போட்டிருந்தார்கள். முதுகு ஒடிய இரும்பு தூக்கியவள் நான், எனக்கு அதைப் படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது.

சின்னவளுக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு வேலை வந்திருந்தது. மின்சாரக் கார்கள் சத்தமே இல்லாமல் ஓடுகின்றனவாம்; அவற்றுக்குச் சத்தம் உண்டாக்கித் தரும் வேலை. "நிகழ்ச்சி முடியட்டும்க்கா, அப்புறம் சொல்றேன்" என்று இழுத்துக்கொண்டே இருந்தாள். நிகழ்ச்சி நன்றாக நடந்தால் அந்த அரங்கத்தார் மாமியாருக்கென்று நிரந்தரமாக ஓர் அறை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அறை கிடைத்தால் இவள் போகமாட்டாள் என்பது என் கணக்கு. இவள் இல்லாமல் எனக்கு ஒரு நாள் ஓடாது. சொன்னால் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வாள் என்று சொல்லவில்லை.

அன்று அரங்கம் நிறைந்திருந்தது. இஸ்திரி போட்ட கறுப்பு உடையில் நாங்கள் மாமியாரின் இரு பக்கமும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தோம். ஏதாவது கழன்று விழுந்தால் பிடிக்க ஆள் வேண்டுமே.

"இன்னைக்கு ஒரு நாளாவது வாயைத் திறக்காம இரு, அக்கா" என்றாள் சின்னவள்.

"நீ திறக்காம இருந்தா நான் ஏன்டி திறக்கப்போறேன்?"

விளக்குகள் மங்கின. சின்னவள் மைக்கைத் திறந்தாள். மாமியார் அசையவில்லை. யாரோ இருமினார்கள். ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. ஊஹூம். எங்கள் துறையில் ஒரு வசதி உண்டு: எதுவுமே நடக்காவிட்டாலும் கொஞ்ச நேரத்துக்கு அதையும் கலை என்று நம்பி உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் கொஞ்ச நேரமும் தீர்ந்துபோனது. முன்வரிசையில் ஒருவர் போனை எடுத்தார். பின்னால் இரண்டு பேர் எழுந்து போனார்கள். மேடையின் ஓரத்தில் நின்ற அரங்க நிர்வாகி, ஏதாவது செய்யுங்கள் என்று இரண்டு கைகளாலும் கெஞ்சினார்.

"என்னடி ஆச்சு?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"என்னைக் கேட்டா? வயரை மாட்டினது நீதானே!"

ஒரு ஹாரன் முனகியது. டின் ஒன்று தடதடவென்று உருண்டு ஓய்ந்தது. நாங்கள் இருவரும் வாயை மூடிக்கொண்டோம். அதுவும் மூடிக்கொண்டது.

சின்னவளின் முகம் வெளுத்தது. "போச்சுக்கா. இது நம்ம சண்டையைத்தான் கத்துக்கிட்டிருக்கு."

உண்மைதான். யாரும் பேசாத நேரத்தில் அதைக் கேட்க விட்டால் வெறுமையைக் கற்றுக்கொள்ளும் என்று, பட்டறையில் நாங்கள் இருவரும் பேசிக்கொண்டிருக்கும்போது மட்டும்தான் இவள் அதன் மைக்கைத் திறந்து வைப்பாள். நாங்கள் இருவரும் பேசினால் என்ன பேசுவோம்? ஸ்க்ரூடிரைவரை எங்கே வைத்தாய், ஜன்னலை ஏன் மூடவில்லை, இதுதான். மாமியாரைப் பொறுத்தவரை இரண்டு பெண்கள் கத்துவதுதான் சத்தம், மற்றதெல்லாம் ஒன்றுமில்லை. ஒத்திகைகளில் பிரமாதமாக வாசித்தது. எந்த ஒத்திகையில் நாங்கள் சண்டை போடாமல் இருந்தோம்?

"திட்டுக்கா."

"எதுக்குடி?"

"எதுக்காவது திட்டு!"

இவள் கருக்கிய பாத்திரத்தில் ஆரம்பித்தேன். நான் மூடாமல் விட்டுக் காய்ந்துபோன பசையை இவள் பேச்சுக்கு இழுத்தாள். குழாய்கள் ஊளையிட்டன, மோட்டார்கள் சுற்றின. முன்வரிசைக்காரர் போனைப் பைக்குள் வைத்தார். எனக்கும் சூடு ஏறிவிட்டது.

"விட்டுட்டு ஓடப்போறவளுக்குப் பசையைப் பத்தி என்னடி அக்கறை?"

"ஓடப்போறேன் இல்ல, போறேன்! வர்றேன்னு அவங்களுக்குப் போன வாரமே சொல்லியாச்சு!"

எல்லா ஹாரன்களும் ஒன்றாக அலறின. சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பதிலுக்குக் கத்தியிருக்க வேண்டும். கோபம் வருமென்று பார்த்தேன், வரவில்லை.

"சரி. போயிட்டு வா. நல்லா இரு" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

மாமியார் அதைச் சட்டையே செய்யவில்லை. கடைசிக் குழாயில் மிச்சமிருந்த காற்று போனது. அரங்கம் பழையபடி அமைதியானது. நிர்வாகி தலையில் கை வைத்துக்கொண்டார்.

சின்னவள் என்னையே பார்த்தாள். நிகழ்ச்சி இப்படியே படுத்துவிட்டால் அறையும் போச்சு, இவளும் போய்விடுவாள், நான் பழைய இரும்போடு தனியாக உட்கார்ந்திருப்பேன். எனக்குத் தெரிந்த அளவுக்கு அது அவளுக்கும் தெரியும். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நல்லா இருன்னு சொல்ல நீ யாரு?" என்று தொண்டை கிழியக் கத்தினாள். "போகாதேடின்னு ஒரு வார்த்தை உன் வாயிலேர்ந்து வந்துச்சா? நீ இல்லாம நான் அங்க என்ன பண்ணுவேன்னு கேட்டியா?"

"நீ சொன்னியாடி? ஒரே தட்டுல சாப்பிட்டுட்டு, ஒரு வாரமா வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கியே, பாவி!"

"சொன்னா நீ சாப்பிடமாட்டே!"

"நீ போனப்புறம் மட்டும் சாப்பிடுவேனா?"

எவ்வளவு நேரம் சண்டை போட்டோம் என்று தெரியாது. மாமியார் அன்று வாசித்ததைப் பற்றிப் பத்திரிகைகளில் பிறகு என்னென்னவோ எழுதினார்கள். நான் அதில் ஒன்றையும் கேட்கவில்லை, இவள் பேசியதைத்தான் கேட்டேன்.

விளக்குகள் எரிந்தன. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நிர்வாகி மேடைக்கே ஓடி வந்துவிட்டார்.

"ரூம் உங்களுக்குத்தாம்மா! வாரத்துல மூணு நாள் ரெண்டு பேரும் வந்து இதே மாதிரி பண்ணா போதும்!"

சின்னவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா மட்டும்தான் சார் இருப்பாங்க" என்றாள்.

அவர் திருதிருவென்று விழித்தார். எனக்கு அதுவரை அடக்கி வைத்திருந்தது உடைந்துவிட்டது. அத்தனை பேர் முன்னால் தங்கையின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன். அதற்கும் சேர்த்துக் கைதட்டினார்கள்.