யார் அந்த கீதா

ஒன்பதாம் வகுப்பில் அறிவியல் டீச்சர் என்னை எழுப்பி, இதயத்தில் எத்தனை அறைகள் என்று கேட்டார். "நாலு கீது டீச்சர்" என்றேன். விடை சரிதான். ஆனாலும் வகுப்பு முழுக்கச் சிரித்தது. டீச்சரும் வாயைப் பொத்திக்கொண்டார். மறுநாளிலிருந்து என் பெயர் மதி இல்லை, கீது.

சிரித்தவர்களும் வீட்டில் அப்படித்தான் பேசுவார்கள். திருவொற்றியூரில் எங்கள் தெருவில் யார்தான் வேறு மாதிரி பேசுகிறார்கள்? ஆனால் பாடம் சொல்லும்போது அவர்களுக்கு நாக்கை மாற்றிப் போட்டுக்கொள்ளத் தெரிந்திருந்தது. எனக்கு அது கையில் வரும், வாயில் வராது. பேனாவைப் பிடித்தால் 'இருக்கிறது' என்று தானாக விழும். வாயைத் திறந்தால் கீது. அதனால் வாயைத் திறப்பதை நிறுத்தினேன். பத்தாவது பாதியில் பள்ளிக்கூடத்தையும் நிறுத்தினேன்.

அண்ணன் வல்லரசு பிளஸ் டூ படித்தபோது பள்ளியில் கொடுத்த லேப்டாப் வீட்டில் கிடந்தது. அவன் கன்டெய்னர் யார்டில் வேலைக்குப் போன பிறகு அதைத் தொட ஆளில்லை. அதில்தான் நெட்டிலிருந்து ஒரு சிந்தசைசரை இறக்கினேன். அது பெட்டியில் வரும் கீபோர்டு இல்லை, கம்ப்யூட்டருக்குள் ஓடும் வாத்தியம். சும்மாவே கிடைக்கும். உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் சேர்ந்து எழுதியது. யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து பார்க்கலாம், பிழை இருந்தால் திருத்தலாம். திரையில் வரிசையாகத் திருகுகள் இருக்கும். திருகத் திருக, புல்லாங்குழல் மாதிரி இருந்த சத்தம் லாரி மாதிரி ஆகும், கொசு மாதிரி ஆகும், கோயில் மணி மாதிரி ஆகும். அதைச் சொல்லித்தரும் வீடியோக்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. சத்தத்தைக் கேட்டும் கையைப் பார்த்தும் நானே கற்றுக்கொண்டேன்.

பிறகு மற்றவர்களுக்குச் சொல்லித்தர ஆரம்பித்தேன். போனைத் தலைக்கு மேலே கொடிக்கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, என் கையும் திரையும் மட்டும் தெரிகிற மாதிரி எடுத்தேன். முகத்தைக் காட்டாததால் வாய் வந்தது. எதிரே யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு பேசினேன்.

"இங்க ஒரு திருகு கீது பாரு. இத்த இந்தாண்ட திருப்புனா சத்தத்துக்குத் தொண்ட கட்டிக்கும். அந்தாண்ட திருப்புனா தொண்ட தொறந்துக்கும். அம்மாந்தான்."

வெளிநாட்டுக்காரர்கள் அதை ஃபில்டர் என்பார்கள். நான் தொண்டை என்றேன். கீபோர்டுக் கட்டையில் கை வைத்ததும் சத்தம் 'டபால்னு வருதா, மொள்ள வருதா' என்பது ஒரு திருகு. கையை எடுத்த பிறகும் சத்தம் கொஞ்ச நேரம் 'இஸ்துகினு போறது' இன்னொரு திருகு. பேண்டு வாசிக்கிற பையன்கள் பார்த்தார்கள். சர்ச்சில் வாசிக்கிறவர்கள் பார்த்தார்கள். 'சோக்கா கீது சிஸ்டர்' என்று எழுதினார்கள். அந்த வார்த்தையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வகுப்பறை ஞாபகம் வந்து உடம்பு கூசும். ஆனாலும் அடுத்த வீடியோவை எடுத்தேன்.

பெர்சிஸ் அக்கா போன் செய்தது அப்போதுதான். அந்த சிந்தசைசரை எழுதுகிறவர்களோடு சேர்ந்து, தமிழ்ப் பக்கத்தை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். ராயபுரத்தில் தவசிமுத்து பாத்திரக் கடை அவருடைய அப்பாவுடையது. திசையன்விளைப் பக்கத்திலிருந்து வந்து கடை போட்ட குடும்பம். அக்கா அளந்து அளந்து, புத்தகம் மாதிரிப் பேசுவார்.

"மதி, தமிழுக்கு ஒரு பாட வரிசையை அவங்க தளத்துல அதிகாரபூர்வமா வைக்கப் போறோம். உன்னோட வீடியோவைத்தான் வைக்கணும்னு நான் சொல்லியிருக்கேன்."

நான் போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"ஆனா ஒரு சிக்கல். யார் அந்த கீதா?"

"கீதாவா? யாருக்கா?"

"அதைத்தான் நான் கேக்குறேன். கீழ தானா ஓடுற எழுத்தைப் பாரு."

பார்த்தேன். வீடியோவில் பேசுவதை இயந்திரமே கேட்டு எழுத்தாக்கிக் கீழே ஓடவிடும். அதற்கு 'கீது' தெரியவில்லை. தெரிந்த பெயராக மாற்றிக்கொண்டது. 'இங்க ஒரு திருகு கீதா.' 'தொண்ட கட்டுன மாரி கீதா.' 'இன்னும் ரெண்டு கீதா.' அந்த எழுத்தை வைத்துத்தான் மற்ற மொழிகளுக்கும் மாற்றுகிறார்கள். பிரேசிலில் இருந்து ஒருவர், கீதா என்ற அம்மையார் நம் குழுவில் எப்போது சேர்ந்தார், ஒவ்வொரு திருகுக்குப் பக்கத்திலும் நிற்கிறாரே என்று கேட்டிருந்தார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவும் சிரித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "காது கேக்காதவங்களும் எழுத்தை நம்பித்தான் இருக்காங்க மதி. அது தப்பா ஓடக்கூடாது. அதனால வீடியோ உன்னோடதே, கையும் உன்னோடதே. குரலை மட்டும் ஃப்ளோரான்னு ஒரு பொண்ணு பேசித் தருவா. தெளிவாப் பேசுவா. உனக்குச் சம்மதமா?"

எனக்குத் தெரிந்த ஒரே பதிலைச் சொன்னேன். "சரிக்கா."

போனை வைத்த பிறகுதான் வலித்தது. என் கை இருக்கும், என் வாய் இருக்காது. வகுப்பில் நான் எனக்குச் செய்துகொண்டதை இப்போது இன்னொருவர் மரியாதையாகச் செய்கிறார், அவ்வளவுதான். அக்கா மேல் குற்றம் சொல்ல முடியவில்லை. எழுத்து தப்பாக ஓடுகிறது என்பது உண்மை.

எழுத்துதானே தப்பு? எழுத எனக்கு வருமே.

அன்றே உட்கார்ந்தேன். ஒவ்வொரு வீடியோவுக்கும் எழுத்தை நானே கையால் அடித்தேன். எந்த நொடியில் எந்த வரி வரவேண்டும், எப்போது மறையவேண்டும் என்று நிறுத்தி நிறுத்தி. என் வாய் 'திருகு கீது பாரு' என்றால், கீழே 'இங்கே ஒரு திருகு இருக்கிறது, பாருங்கள்' என்று சுத்தமாக ஓடியது. வாய்க்கு ஒரு தமிழ், எழுத்துக்கு ஒரு தமிழ். டீச்சர் பார்த்தால் முழு மார்க் போடுவார். ஒரு வீடியோவில் போட்டுப் பார்த்தேன். இனி குரலை மாற்ற வேண்டியதில்லையே என்று அக்காவிடம் கேட்கலாம் என்று நினைத்தேன்.

அந்த வீடியோவுக்குக் கீழே எண்ணூரில் இருந்து மனோகரன் என்பவர் எழுதினார்.

'பாப்பா, நான் பட்டறையில சம்மட்டி சத்தத்துல காதை வுட்டவன். பெரிய சத்தம்னா ஸ்பீக்கர் பொட்டி மேல கைய வெச்சி தெரிஞ்சிக்குவேன். உன் வீடியோ பாத்துதான் பேஸ் சவுண்டு பண்ண கத்துக்கினேன். இத்தினி நாளு கீதா கீதான்னு வந்துச்சி, புரிஞ்சிக்கினேன். இப்போ கவர்மெண்டு நோட்டீசு மாரி ஓடுது. என் பொண்ணு சொல்றா, நீ வாயால நம்ம மாரிதான் பேசுறியாம். காது கேக்கறவனுக்கு ஒண்ணு, எனுக்கு ஒண்ணா? உன் மூஞ்சியும் காட்ட மாட்டேங்கற, வாயப் பாத்தாவது தெரிஞ்சிக்குவேன். பேசறதயே எழுதேன். இன்னா கெட்டுது?'

அதைப் பல தடவை படித்தேன். பிறகு எல்லா எழுத்தையும் அழித்துவிட்டு முதலிலிருந்து அடிக்க ஆரம்பித்தேன். 'இங்க ஒரு திருகு கீது பாரு.' எத்தனையோ எழுதியிருக்கிறேன். அந்த வார்த்தையை நான் எழுதியது அன்றுதான் முதல் தடவை. ககரத்துக்கு நெடில் போடும்போது கை கொஞ்சம் நின்றது. பிறகு நிற்கவில்லை.

எல்லாவற்றையும் பெர்சிஸ் அக்காவுக்கு அனுப்பி, 'என் குரலே இருக்கட்டுமா அக்கா?' என்று கேட்டேன்.

'ஞாயிற்றுக்கிழமை கடை மாடிக்கு வா. புதுசாக் கத்துக்குறவங்க வர்றாங்க. அவங்க முன்னாடி போட்டுப் பார்த்து முடிவு பண்ணுவோம்' என்று பதில் வந்தது.

அம்மாவும் கூட வந்தார். மணலியில் கம்பெனி கேன்டீனில் வேலை, ஞாயிறு ஒருநாள்தான் லீவு. ஷேர் ஆட்டோவில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தபடி, "அந்த அக்கா இன்னா கேட்டாலும் சரி சரின்னு மண்டைய ஆட்டாத. உன் வாயி இன்னா வாடகைக்கா வுட்டுகீற?" என்றார்.

"சும்மா இரும்மா."

"நான் சும்மாதான் கீறேன். நீதான் எப்பவும் சும்மா கீற."

மாடி முழுக்கப் பாத்திர அட்டைப் பெட்டிகள். அவற்றைச் சுவர் ஓரம் அடுக்கி நடுவில் நாற்காலிகளும், எதிரே சின்ன மேடையில் லேப்டாப்பும் ஸ்பீக்கரும், பின்னால் பெரிய திரையும் போட்டிருந்தார்கள். பேண்டு பையன்கள், சர்ச் பிள்ளைகள், பெண்கள் கொஞ்சம் பேர் என்று இடம் நிறைந்துவிட்டது. நான் கடைசியில் அண்டாப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். பெர்சிஸ் அக்கா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஃப்ளோரா பேசினது தயாரா இருக்கு. அவ பேச்சுக்கு எழுத்து இன்னும் வரலை, அதனால உன் எழுத்தைத்தான் கீழ ஓடவிடப் போறேன். கப்பல் ஹாரன் பாடம். ஃப்ளோரா குரல்ல ஒருதடவை, உன் குரல்ல ஒருதடவை. எதுல கத்துக்குறாங்கன்னு பார்ப்போம். சரியா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். இந்தத் தடவை நான் மண்டையை ஆட்டவில்லை.

"யார் செஞ்சு பார்க்க வர்றீங்க?" என்று அக்கா கேட்டதும் முன்வரிசையிலிருந்து காய்த்துத் தடித்த கைகளோடு ஒருவர் எழுந்தார். பக்கத்தில் இருந்த பெண் அவர் தோளைத் தட்டி மேடையைக் காட்டினாள். மனோகரன் அண்ணன்தான் என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, இடது உள்ளங்கையை ஸ்பீக்கர் பெட்டி மேல் வைத்துக்கொண்டார்.

அக்கா சிந்தசைசரைத் திறந்தார். வீடியோவை ஓடவிட்டார். திரையில் என் கை வந்தது. கீழே என் எழுத்து வந்தது. ஃப்ளோராவின் குரல் மட்டும் வரவில்லை.

ஒயரை ஆட்டினார். வீடியோவை மறுபடி போட்டார். ஊமையாகத்தான் ஓடியது. எனக்கு உடனே புரிந்தது. என் லேப்டாப்பிலும் அப்படித்தான். அந்த சிந்தசைசர் ஸ்பீக்கரைப் பிடித்தால் வேறு எதற்கும் விடாது. ஒன்று வீடியோ பேசும், இல்லை வாத்தியம் சத்தம் போடும். வீட்டில் நான் போனில் பார்த்துக்கொண்டு லேப்டாப்பில் வாசிப்பேன். அக்காவுக்கு அது தோன்றவில்லை.

"இன்னாக்கா, படம் ஊமப்படமா?" என்று ஒரு பையன் கத்தினான். சிரிப்பு கிளம்பியது.

"ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்…" அக்கா வியர்த்தார்.

"எதுக்குக்கா பேஜாரு? எழுத்துதான் ஓடுதே. நாங்க படிக்கிறோம், அண்ணன் திருப்பட்டும்" என்றான் அதே பையன். எழுந்து நின்று, திரையைப் பார்த்துச் சத்தமாகப் படித்தான். "இங்க ஒரு திருகு கீது பாரு!"

 அண்டாப் பெட்டியைப் பிடித்துக்கொண்டேன். இப்போது சிரிப்பார்கள்.

சிரித்தார்கள். ஆனால் சிரித்துக்கொண்டே எல்லோரும் திரும்பித் திரையைப் பார்த்தார்கள். அடுத்த வரியை இன்னும் நாலு பேர் சேர்ந்து படித்தார்கள். அதற்கடுத்த வரியை மாடியே படித்தது.

"இத்த இந்தாண்ட திருப்புனா தொண்ட கட்டுன மாரி கீது!"

மனோகரன் அண்ணன் திருப்பினார். கீச்சென்று இருந்த சத்தம் அடைத்துக்கொண்டு கனத்தது.

"இன்னும் கொஞ்சம் கட்டட்டும்! கப்பலுக்கு எப்பவுமே சளி!"

அது நான் விளையாட்டாகச் சொன்னது. சர்ச் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தபடி படித்தார்கள். அம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு என்னைக் கிள்ளினார். "நம்ம வூட்டு பேச்சுடி. எம்மாம் பேரு படிக்கிறாங்க பாருடி."

பெர்சிஸ் அக்கா ஒயரைக் கீழே போட்டுவிட்டார். கொஞ்ச நேரத்தில் அவரும் படித்துக்கொண்டிருந்தார். முதலில் உதடு மட்டும் அசைந்தது, பிறகு சத்தமாக. திரும்பி, மாடியின் இந்தக் கோடிக்குக் கேட்கும்படி என்னைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"ஏட்டி மதி! யாரும் மாத்திப் பேச வேண்டாம். உன் கொரலே கெடக்கட்டும்டி!"

அவர் வாயில் திசையன்விளைப் பேச்சை நான் கேட்டதே இல்லை. மாடிப்படியில் நின்றிருந்த அவருடைய அப்பா தவசிமுத்து, "இம்புட்டு நாளா எங்கட்டி வச்சிருந்த இந்தப் பேச்ச?" என்று கேட்டதற்கும் ஒரு சிரிப்பு எழுந்தது.

பாடம் கடைசி வரிக்கு வந்தது. எல்லோரும் படித்தார்கள். "கட்டைய அமுக்கி வுடு. வுட்டப்புறமும் இஸ்துகினு போவும். அது அடங்கனப்புறம் அடுத்த தபா அமுக்கு. கப்பல் ரெண்டு தபாதான் கூவும்." வீடியோ முடிந்து திரை இருண்டது.

மனோகரன் அண்ணன் கட்டையை அமுக்கினார். துறைமுகமே மாடி ஏறி வந்தது. சுவர் ஓரம் அடுக்கிய பெட்டிகளுக்குள் எவர்சில்வர் எல்லாம் கிணுகிணுத்தது. பையன்கள் விசிலடித்தார்கள். அவர் கையை எடுத்தார். சத்தம் இழுத்துக்கொண்டே தேய ஆரம்பித்தது.

அடுத்து எப்போது அமுக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. மெல்லிய சத்தம் காதுக்கும் எட்டாது, பெட்டி மேலிருந்த கைக்கும் எட்டாது. திரையிலும் எழுத்து இல்லை. திரும்பிப் பார்த்தார். "அடங்கிச்சா?" என்று கேட்டார். ஆளுக்கொன்று கத்தினார்கள். அவருக்கு எதுவும் விளங்கவில்லை.

நான் நடந்தேன். நாற்காலிகளுக்கு நடுவே, எல்லோரையும் தாண்டி, மேடைக்குப் போய் அவருக்கு நேர் எதிரே நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். இந்த முகத்துக்குத்தான் அந்தக் கை என்று புரிந்ததும் அவருடைய கண் விரிந்தது. பிறகு என் வாயைப் பார்த்தார்.

மாடி அமைதியானது. கப்பலின் சத்தம் நூல் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. நான் அதைக் கேட்டுக்கொண்டு, வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு எழுத்தும் அவருக்குத் தெரிகிற மாதிரி சொன்னேன்.

"கீதுண்ணா. இன்னும் கீது. இன்னும் கீது… இப்போ அமுக்கு!"