பண்டாவுக்குப் பத்து வருசம்

1

இது கதையாக வந்திருக்கவே கூடாது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பயண இணையத்தளம் என்னிடம் ஒரு கட்டுரை கேட்டது: பண்டாக் கரடிகளைப் பார்க்க எங்கே போகலாம்? ஆயிரம் சொல். படங்களை அவர்களே போட்டுக்கொள்வார்கள். இத்தாலியின் பலர்மோவில் இருந்துகொண்டு, வாழ்நாளில் ஒரு பண்டாவையும் நேரில் காணாத நான் ஏன் ஒப்புக்கொண்டேன் என்று கேட்காதீர்கள். “உங்களைப் போன்ற ஒருவரால்தான் முடியும்” என்று எழுதியிருந்தார்கள். இப்படி யார் எழுதினாலும் நான் விழுந்துவிடுவேன்.

முதல் தொடக்கம்: பனி மூடிய மலைகளின் நடுவே, மூங்கில் காட்டின் மௌனத்தில், கறுப்பும் வெள்ளையுமாய் ஒரு —

(மௌனம் வந்ததும் நிறுத்திவிட்டேன். மூங்கில் கடிக்கிற பண்டா நல்ல சத்தம் போடுமாம்.)

இரண்டாம் தொடக்கம்: சீனாவின் செங்டு நகரில் பண்டாக்களுக்கென்றே பெரிய வளாகம் ஒன்று உண்டு. காலையிலேயே போய்விட வேண்டும். வெயில் ஏறினால் அவை படுத்துவிடும். ஐரோப்பாவில் என்றால் வியன்னா, பேர்லின், மட்றிட், கோப்பன்ஹேகன். இத்தாலியில் —

அந்த இடத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள். கட்டுரை அதற்குமேல் ஒரு சொல்லும் நகரவில்லை.

2

தட்டியவர் குகனேஸ்வரி. சீசா என்கிற பகுதியில் எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருப்பவர். நாற்பத்தொன்பது வயது. ஒரேத்தோத் தெருப் பக்கம் கார்மேலா என்ற எண்பத்தாறு வயது இத்தாலிய அம்மாவை, சிஞ்ஞோராவை, காலையிலிருந்து மாலை வரை பார்த்துக்கொள்கிறார். சனிக்கிழமைகளில் வேறு இரண்டு வீடுகளில் துப்புரவு வேலை. இங்கே தங்குவதற்கான பெர்மெஸ்ஸோ அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தார். அதுபற்றி வந்த கடிதத்தை வாசித்துச் சொல்லும்படி கேட்கத்தான் வந்தார். வந்தவர் என் கணினித் திரையில் கிடந்த பண்டாவைக் கண்டார். கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு மறந்தே போனார்.

“அண்ணை, உதை நேரிலை பாக்க ஏலுமே?” என்று திரையைக் காட்டிக் கேட்டார்.

[இடையில் ஒரு குறிப்பு. ஒரு பாத்திரம் ஏதாவது ஆசைப்பட்டால் அதற்குக் காரணம் வேண்டும் என்பார்கள். முதல் வரைவில் குகனேஸ்வரிக்கு ஐந்து வயதில் ஒரு கரடிப் பொம்மை கொடுத்து, ஆறு வயதில் அதைத் தொலைக்கவும் செய்தேன். அவர் வாசித்துப் பார்த்துவிட்டு, தனக்கு ஒரு பொம்மையும் இருக்கவில்லை, சும்மா இட்டுக்கட்ட வேண்டாம் என்றார். வெட்டிவிட்டேன்.]

உண்மைக் காரணம் இது. சிஞ்ஞோரா மத்தியானம் சாப்பிட்டுக் கண்ணயரும்போது குகனேஸ்வரிக்கு முக்கால் மணித்தியாலம் கிடைக்கும். அதில் பாதி பாத்திரம் கழுவப் போய்விடும். மீதியில் போனில் பண்டா வீடியோ பார்ப்பார். பண்டா குந்தியிருக்கும். சாப்பிடும். சாய்ந்து விழும். விழுந்த இடத்திலேயே படுத்துக்கொண்டு மறுபடி சாப்பிடும். எழும்பு என்று அதற்கு எவரும் சொல்வதில்லை. கண்ணாடிக்கு வெளியே சனம் முண்டியடித்துக்கொண்டு நிற்கும்.

“சாப்பிட்டதுக்குக் கை தட்டுறாங்கள் அண்ணை,” என்றார். “அது உண்மையோ எண்டு நான் ஒருக்காப் போய்ப் பாக்க வேணும்.”

3

கிட்ட உள்ளது வியன்னா. இரண்டு மணித்தியாலப் பறப்பு. ஆனால் கடிதத்தைப் பிரித்துப் பார்த்தால், விரலடையாளம் கொடுக்க மூன்று மாதம் கழித்து நாள் போட்டிருந்தது. அதுவரைக்கும், அதற்குப் பிறகு அட்டை கைக்கு வரும்வரைக்கும், அவரிடம் இருப்பது ஒரு ரசீது. அந்த ரசீதோடு நேரே ஊருக்குப் போய் வரலாம். வியன்னாவுக்குப் போக முடியாது.

அவரைத் தேற்றலாம் என்று நினைத்து, கட்டுரைக்காகச் சேர்த்து வைத்திருந்த ஒரு தகவலைச் சொன்னேன். வெளிநாடுகளில் இருக்கும் பண்டாக்களும் அங்கேயே இருந்துவிட முடியாது. சீனா அவற்றை ஒப்பந்தம் போட்டுத்தான் அனுப்புகிறது. தவணை முடிந்தால் நீட்டிக்க வேண்டும், இல்லையென்றால் பெட்டியில் ஏறித் திரும்ப வேண்டியதுதான்.

குகனேஸ்வரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“எத்தினை வருசம் குடுக்கினம்?”

“பத்து.”

மேசையில் கிடந்த பெர்மெஸ்ஸோக் கடிதத்தைத் தொட்டுக் காட்டினார்.

“எனக்கு ரெண்டு,” என்றார். பிறகு, அதனிடமும் விரலடையாளம் எடுத்தார்களா என்று விசாரித்தார். தெரியாது என்றேன். (இன்னும் தெரியாது. தேடிப் பார்த்தேன்.)

4

இனிக் கோபாலசிங்கம் வர வேண்டும். குகனேஸ்வரியின் கணவர். ஒரு ஹோட்டலில் சலவைப் பகுதியில் வேலை. இத்தாலியில் இருக்காத வாசகருக்கு ஒன்று சொல்ல வேண்டும்: இங்கே பண்டா என்றால் முதலில் நினைவுக்கு வருவது அந்தப் பெயர்கொண்ட கார். சின்னப் பெட்டி போன்ற கார். பலர்மோவில் எந்தத் தெருவிலும் நாலைந்து நிற்கும்.

மனைவியின் ஆசையைக் கேள்விப்பட்டதும் கோபாலசிங்கம், “பண்டா பாக்கிறதெண்டால் யன்னலைத் திற,” என்றார். அன்றைக்கு யன்னலுக்குக் கீழே ஏழு நின்றன.

இதோடு நின்றிருந்தால் ஒன்றுமில்லை. இரண்டு வாரம் கழித்து அவர் எங்கிருந்தோ ஒரு பழைய வெள்ளைப் பண்டாவை ஓட்டிக்கொண்டு வந்தார். முன்விளக்குகளைச் சுற்றிக் கறுப்பு ரேப், அந்த ஒட்டுநாடாதான், ஒட்டியிருந்தார். கூரையில் காதுபோல இரண்டு வட்டம். கதவுகளுக்கு முழுக் கறுப்பு. வாசலில் நிறுத்தி ஹோர்ன் அடித்தார். குகனேஸ்வரி பல்கனிக்கு வந்து பார்த்தார். உள்ளே போய்ப் பல்கனிக் கதவின் அடைப்பைக் கீழே இழுத்துவிட்டார்.

மூன்று நாள் கதை பேச்சில்லை. சாப்பாடு மூடியபடி மேசையில் இருந்தது. தெருவில் ஒரே திருவிழா. பிள்ளைகள் படம் எடுத்தார்கள். மீன் விற்பவர் அதன் கண்ணாடியில் ஒரு செலரித் தண்டைச் செருகிவிட்டுப் போனார்.

[இன்னொரு குறிப்பு. என் வரைவில் கோபாலசிங்கம் ஒரு கோமாளியாகவே வந்திருந்தார், எனக்கு அது பிடித்துமிருந்தது. அவரும் வாசித்தார். வாசித்து முடித்துத் தாள்களை அடுக்கி வைத்தார். “நான் பகிடிக்குச் செய்யேல்லை அண்ணை. அவவாலை அங்கை போக ஏலாது. என்னாலை கொண்டுவர ஏலுமெண்டது உதுதான்,” என்றார். இதைக் கதையில் எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. இங்கேயே கிடக்கட்டும்.]

நாலாம் நாள் குகனேஸ்வரி கீழே இறங்கி வந்து காரைச் சுற்றிப் பார்த்தார். ஒரு காது கோணலாக இருக்கிறது என்றார். அதுதான் சமாதானம்.

5

விரலடையாளம் கொடுக்கவும், பிறகு அட்டை எடுக்கவும் அந்தக் காரிலேயே குவெஸ்தூரா என்கிற பொலிஸ் அலுவலகத்துக்குப் போனார்கள். வாசலில் நின்ற பொலிஸ்காரர் காரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, நிழலான இடமாகக் காட்டினாராம்.

அட்டை கைக்கு வந்த அன்றே என் கணினியில் வியன்னாவுக்கு விமான ரிக்கற் போட்டோம். ஒரே ஒரு ரிக்கற். பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகள் ஜெனனி தானும் வாறன் என்றாள். உனக்குச் சோதினை என்று தாய் மறித்துவிட்டார். கோபாலசிங்கம் தானும் வரக் கேட்கவில்லை. அவர் இரண்டு நாள் லீவு எடுத்துச் சிஞ்ஞோராவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓர் ஆம்பிளை தனக்குச் சமைப்பதா என்று சிஞ்ஞோரா ஒரு கிழமையாகப் புறுபுறுத்தார். பிறகு அவருடைய கத்தரிக்காய்க் கறியை மூன்று தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் ஓட, இன்னும் கொஞ்சம் என்று தட்டை நீட்டினாராம்.

குகனேஸ்வரி செவ்வாய்க்கிழமை போனார். புதன்கிழமை திரும்பி வந்தார். அவர் தனியாக விமானத்தில் போனது அதுதான் முதல் தரம்.

வியன்னாவில் என்ன நடந்தது?

முடிவு ஒன்று: பண்டா முதுகைக் காட்டிக்கொண்டு தூங்குகிறது. குகனேஸ்வரி மூன்று மணித்தியாலம் நிற்கிறார். பூட்டப்போகிற நேரத்தில் அது மெல்லத் திரும்பி அவர் கண்களை —

(ஜெனனி இதை வாசித்துவிட்டு, “அங்கிள், இது too much,” என்றாள். பிறகு அதையே இத்தாலிய மொழியில் இன்னும் மோசமாகச் சொன்னாள்.)

முடிவு இரண்டு: அன்றைக்குப் பார்த்துப் பண்டாவைக் காட்டுவதில்லை என்று அறிவித்தல் போட்டிருக்கிறது. வாங்குப் பலகையில் உட்கார்ந்து அழுகிறார். தேநீர்க் கடையில் வேலை செய்கிற தமிழர் ஒருவர் வந்து, நீங்கள் யாழ்ப்பாணமோ என்று —

(“வியன்னாவிலை நான் ஒரு தமிழரையும் காணேல்லை,” என்றார் குகனேஸ்வரி. வெட்டு.)

முடிவு மூன்று: திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை, குகனேஸ்வரி பல்கனியில் கதிரையைப் போட்டு, ஒரு வேலையும் செய்யாமல், தட்டில் முறுக்கோடு ஒரு மணித்தியாலம் —

(“எனக்கு எங்கை நேரம்?”)

6

நடந்தது என்று எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். விமான நிலையத்தில் கோபாலசிங்கம் கேட்டார், எப்பிடி என்று. “இருந்தது,” என்றார் குகனேஸ்வரி. வீட்டில் ஜெனனி கேட்டாள். “இருந்தது.” அடுத்த நாள் சிஞ்ஞோரா கேட்டபோது அதையே இத்தாலிய மொழியில் சொன்னார். அந்த மொழியில் அதற்கு, அங்கே ஒன்று இருந்தது என்கிற கருத்து மட்டும்தான் வரும். சிஞ்ஞோரா திருப்திப்பட்டு அடுத்த வாய்க்கு வாயைத் திறந்தார்.

எனக்குத் திருப்தி இல்லை. நான் எழுத வேண்டியவன். எங்கள் ஊர்த் தமிழில் அந்தச் சொல் இரண்டு பக்கமும் போகும்; உட்கார்ந்திருந்தது என்றும் ஆகும். ஆகவே படியில் மறித்துக் கேட்டேன்: அங்கே ஒன்று இருந்தது என்கிறீர்களா, குந்தி இருந்தது என்கிறீர்களா?

குகனேஸ்வரி சந்தைப் பையைக் கீழே வைத்தார். என் கையிலிருந்த தாள்களை வாங்கினார். மூன்று முடிவுகளையும் மறுபடி ஒவ்வொன்றாக வாசித்தார். மூன்றாவதில் கொஞ்சம் சிரித்தார். பிறகு என் சட்டைப் பையிலிருந்த பேனையை எடுத்து மூன்றையும் குறுக்கே கீறிவிட்டார்.

“அண்ணை, கேட்டதெல்லாம் சொன்னனான். ரேப் ஒட்டின கதையும் சொன்னனான். உதை மட்டும் நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. சொல்லவும் மாட்டன்.”

அவர் முகத்தை நான் வர்ணிக்கப் பார்த்தேன். வெட்கமா, பெருமையா, களவாக இனிப்புச் சாப்பிட்டவர் முகம் போல —

(விட்டுவிட்டேன்.)

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. இருக்கிறவர் தரமாட்டார். உங்களுக்கு ஒன்று தோன்றினால் எழுதிக்கொள்ளுங்கள். அது சரியா என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடாதீர்கள்.

குகனேஸ்வரி பையைத் தூக்கிக்கொண்டு நாலு படி ஏறினார். நின்றார். திரும்பாமலே கேட்டார்:

“அண்ணை, உந்தப் பென்குயின் எங்கை எங்கை இருக்கும்?”