கையை விட்டுப் போகாத கார்டு

அந்தப் பெரிய தங்கும் விடுதியின் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் பூட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். உடுப்பு மாற்றும் அறையில் தன் பெட்டியைப் பூட்டிவிட்டு ஒருமுறை இழுத்துப் பார்ப்பாள். நாலடி போய்த் திரும்பி வந்து மறுபடியும் இழுப்பாள். "விடுக்கா, பூட்டுக்குக் கை வலிக்கப்போகுது" என்று யாராவது சொன்னால், சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை இழுப்பாள். பிறவிக் குணமில்லை. தம்பி வாங்கிய மோட்டார் சைக்கிள் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்ட பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

அந்த வண்டி ஒரு மழைநாளில் லாரிக்கு அடியில் போனது. தம்பி பிழைத்தான், தவணை பிழைக்கவில்லை. கடன் கட்டாதவர்கள் பட்டியலில் அக்காளும் தம்பியும் சேர்ந்தே ஏறினார்கள். சம்பளம் போய்ச் சேர்ந்துகொண்டிருந்த வங்கிக்கணக்கு மூடப்பட்டது. புதிதாகத் தொடங்கப் போன இடங்களில், கணினியைப் பார்த்ததும் எதிரே இருப்பவரின் முகம் மாறியது. சலவைக்கூடத்திலோ கையில் சம்பளம் கொடுக்கிற வழக்கமில்லை.

"பேர் கெட்டவங்களுக்குன்னே ஒரு கார்டு இருக்கும்மா," என்றார் சம்பள குமாஸ்தா, ஏதோ நல்ல செய்தி சொல்வதுபோல. "பணத்த முன்னாடியே போட்டு வச்சு, அப்புறம் தேய்ச்சுக்கிறது. போன் ரீசார்ஜ் கடையில குடுப்பான். ஒண்ணுமே கேக்க மாட்டான்."

ரீசார்ஜ் கடைக்காரன் உண்மையிலேயே ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றும் சொல்லவுமில்லை. போனுக்குக் குறுஞ்செய்தி வேண்டுமென்றால் மாதாமாதம் தனிக்காசு என்று மட்டும் சொன்னான். வேண்டாம், அது மிச்சம் என்றாள் அவள். தம்பிதான் உட்கார்ந்து கார்டைத் தொடங்கிக் கொடுத்தான். ரகசிய எண் அவனுக்கும் தெரியும்.

இப்போது அந்தக் கார்டில்தான் அவளுடைய உயிர் இருந்தது. அவளுடைய மகள் ஊரில், அவளுக்கு மூத்த அக்காள் வீட்டில் வளர்ந்துகொண்டிருந்தாள். இங்கே அவளும் தம்பியும் இருந்தது, வேறொருவர் வீட்டில் பலகை வைத்துத் தடுத்த பாதி அறை. குழந்தை கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். அந்த மூத்த அக்காளின் கணவர் ஆறு மாதம் பொறுத்தார். இப்போது போனில், "பள்ளிக்கூடம் தொறக்கிறதுக்குள்ள கூட்டிட்டுப் போயிருவீல்ல?" என்று கேட்பதே அவருடைய நலம் விசாரிப்பாக இருந்தது. சலவைக்கூடத்துக்கு இரண்டு தெரு தள்ளி, மாடியில் ஓர் அறையும் அடுக்களையும் காலியாக இருந்தது. முன்பணம் பன்னிரண்டாயிரம். கார்டில்தான் வாங்குவோம், ரொக்கம் தொடமாட்டோம் என்றது வீடுகளை வாடகைக்கு விடும் அலுவலகம். சனிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் அடுத்த ஆளுக்கு.

கார்டில் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு இருக்கவேண்டும். மனசுக்குள் அதைத் தடவித் தடவி வைத்திருந்தாள். விடுதியின் பின்வாசலில் இருந்த பண எந்திரத்தில் ஒருநாள் காலை செருகிப் பார்த்தாள். பன்னிரண்டாயிரத்து நானூற்றுப் பத்து என்றது.

தான்தான் தப்பாகக் கணக்குப் போட்டிருப்போம் என்று நினைத்தாள். அவளுக்கு எப்போதுமே முதல் சந்தேகம் தன்மேல்தான். சாயங்காலம், எதற்கும் இருக்கட்டும் என்று பஸ் நிறுத்தத்தில் இருந்த வேறொரு எந்திரத்தில் பார்த்தாள். பன்னிரண்டாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூறு. காலையிலிருந்து ஒரு மிட்டாய்கூட வாங்கியிருக்கவில்லை.

மறுநாள் போனாள், குறைந்திருந்தது. அதற்கடுத்த நாளும் போனாள். ஒரு தடவை இருபது போயிருக்கும், ஒரு தடவை முப்பத்தைந்து. யாரோ விரல் நுனியில் கிள்ளிக் கிள்ளி எடுக்கிற மாதிரி இருந்தது. மொத்தமாக எடுத்திருந்தால் அலறியிருப்பாள். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகப் போவதுதான் அவளைத் தூங்கவிடாமல் அடித்தது.

படுக்கை விரிப்புகளைத் தேய்க்கிற சூட்டு உருளையில் இரண்டு பேர் சேர்ந்துதான் வேலை செய்ய முடியும். அவள் ஒரு மூலையைப் பிடித்தால் எதிர்மூலையைப் பிடிப்பவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரே ஆள். அதனால் அவளுக்கு எதிர்மூலை என்றே பெயர். விரிப்பு உருளைக்குள் போகிற இடைவெளியில்தான் பேச்சு.

"கார்டு எங்க வச்சிருக்க?"

"தலகாணி உறைக்குள்ள."

"நம்பர் யாருக்குத் தெரியும்?"

அவள் பார்வையை உருளைப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அடுத்த விரிப்பை உதறினார்கள். ஆவி முகத்தில் அடித்தது.

"ஓ, தம்பியா," என்றாள் எதிர்மூலை. "வெளியாள் எடுத்தா வழிச்சு எடுத்துட்டுப் போயிருப்பான். இப்படி அளந்து எடுக்கிறவன் உன் நெலம தெரிஞ்சவன். உனக்கு வலிக்கக் கூடாதுன்னு பாத்து எடுக்கிறான். என்ன பாசம் பாரு!"

"ஏய், சும்மா இரு."

"நான் சும்மாதான் இருக்கேன். உன் மூலையத்தான் பாரு. விரிப்பு கோணிப்போச்சு."

அன்று இரவு தம்பி சாப்பிடுவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். தண்ணீர்க் குடோனிலிருந்து வீடுவீடாகக் கேன் போடுகிறவன். தோள்பட்டை எப்போதும் ஈரமாக இருக்கும். புதுச் செருப்பு போட்டிருந்தான். ஏது என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்டு அவன் பொய் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் முழுங்கிக்கொண்டாள்.

மறுநாள் ஒரு காரியம் செய்தாள். காலையில் பின்வாசல் எந்திரத்தில் மீதியைப் பார்த்தாள், இருநூற்று நாற்பத்தைந்து. மேலே இருக்கிற பன்னிரண்டாயிரத்தை அவள் இப்போதெல்லாம் எண்ணுவதில்லை. அது மகளுடையது. கார்டைக் காலுறைக்குள் விட்டு, மேலே ஷூவை இறுகக் கட்டிக்கொண்டாள். பகல் முழுக்க உள்ளங்காலில் அது உறுத்திக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு உறுத்தலுக்கும் 'இருக்கு, இருக்கு' என்று சொல்லிக்கொண்டாள். சாயங்காலம் காலுறையிலிருந்து எடுத்து, வெதுவெதுப்பு ஆறாமலே அதே எந்திரத்தில் செருகினாள்.

இருநூற்று இருபத்தைந்து.

காலுக்கடியில் இருந்த கார்டிலிருந்து எவன் எடுத்தான்? அங்கேயே ரகசிய எண்ணை மாற்றினாள். விரல் வழுக்கி இரண்டு தடவை தப்பாக அழுத்தினாள். மாற்றிய கையோடு மீதியைப் பார்த்தாள். நூற்று ஐம்பத்தைந்து. பூட்டை மாற்றி முடிப்பதற்குள் திருடன் எழுபதைத் தூக்கிக்கொண்டு போயிருந்தான். அவள் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். அழுக்குத்துணித் தள்ளுவண்டிகள்தான் வரிசையாக நின்றன.

வீட்டுக்குப் போனதும் கேட்டே விட்டாள். "போன்ல ஏதாச்சும் பண்ணி வச்சிருக்கியாடா? சொல்லிரு. நான் கத்த மாட்டேன்."

தம்பிக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தான்.

"நான் எடுத்தேன்னு சொல்றியா?"

"செருப்பு ஏது?"

"குடோன்ல ஒருத்தன் அளவு பத்தலைன்னு குடுத்தான். அவன கூட்டிட்டு வரவா?" குரல் உடைந்தது. "ஒரு தடவ உன்ன கவுத்துட்டேன்தான். அதுக்காக ஆயுசுக்கும் நான்தானாக்கா?"

துணிகளைப் பைக்குள் திணித்துக்கொண்டு அவன் குடோனுக்கே போய்விட்டான்.

இனிமேல் நிற்கும் என்று நினைத்தாள். நின்றுவிட்டதா என்று பஸ் நிறுத்தத்தில் பார்த்தாள். பின்வாசலில் பார்த்தாள். நிற்கவில்லை. தம்பி இல்லாத வீட்டிலும் பணம் போய்க்கொண்டே இருந்தது. இதுவரை இருந்த பயத்துக்கு ஒரு முகமாவது இருந்தது. இப்போது அதுவும் இல்லை. தம்பியைத் துரத்தியது எதற்கு என்று நினைத்தபோது பயத்தின்மேல் இன்னொரு பயம் ஏறி உட்கார்ந்தது.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் குடோனுக்குப் போனாள். வேறு போக்கிடம் இல்லை. காலிக் கேன்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தவன் எழுந்திருக்கவில்லை.

"என்ன, திருடன் வீட்டப் பாக்க வந்தியா?"

"இன்னும் போய்க்கிட்டே இருக்குடா. எனக்குப் பயமா இருக்கு."

அவள் முகத்தைப் பார்த்தவன் கோபத்தை அப்படியே பாதியில் விட்டுவிட்டு எழுந்தான்.

பின்வாசல் எந்திரத்தின் முன் தன் போனை அவள் கையில் கொடுத்தான். "இந்தா, நீயே வச்சுக்க. நான் கையக் கட்டிக்கிட்டு நிக்கிறேன். இப்ப பாரு."

பார்த்தாள். எண்பது.

"கார்ட வெளிய எடுத்துட்டுத் திரும்பவும் போடு. என் கையையும் ஒரு கண்ணு பாத்துக்க. நான் எடுக்கிறேனான்னு பாத்துரலாம்."

எடுத்தாள், போட்டாள், எண்ணை அழுத்தினாள். அறுபது.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தம்பி எந்திரத்தின் பின்பக்கம் எட்டிப் பார்த்தான். சுவர்தான் இருந்தது.

"அக்கா," என்றான் மெதுவாக. "நீ ஒரு நாளைக்கு எத்தன தடவ பாப்ப?"

"காலைல ஒருக்கா. சாயங்காலம் ஒருக்கா. மனசு கேக்கலைன்னா நடுவுல..." சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றாள்.

"பாக்குறதுக்குக் காசுக்கா. மீதி எவ்வளவுன்னு கேட்டாலே புடிச்சுக்கிறான். நீ நம்பர் மாத்துனதுக்கும் புடிச்சிருப்பான்."

விரல் நுனியில் கிள்ளிக் கிள்ளி எடுத்தது யாருடைய விரல் என்று தெரிந்துவிட்டது.

தம்பி கார்டின் பின்னால் இருந்த எண்ணுக்குப் போன் போட்டான். இனிமையான ஒரு பெண்குரல், "இந்த அழைப்புக்கு உங்கள் கார்டிலிருந்து கட்டணம்..." என்று தொடங்கியதும், சூடுபட்டவன்போலத் துண்டித்தான். "புடிச்சிருப்பாளா? அதுக்குள்ள வச்சுட்டேன்ல?"

அவளுக்கு என்ன தெரியும். கடைசியாகப் பார்த்ததற்குப் பிடித்தது போக நாற்பது இருக்கலாம். அந்தப் பெண்குரலுக்கு எவ்வளவோ. நாளைக்குத் தேய்க்கும்போது அதற்கும் பிடிப்பார்களோ என்னவோ. பணம் போதாமல் எந்திரம் மறுத்தால் அதற்கும் பிடிப்பார்கள் என்று இப்போது அவளுக்குச் சந்தேகமே இல்லை. கொஞ்சம் பணம் போட்டு வைக்கலாமென்றால் ஐந்நூறுக்குக் கீழே கார்டில் ஏறாது. தம்பி இரண்டு பைகளையும் கவிழ்த்தான். பாதிகூடத் தேறவில்லை.

"இன்னும் ஒரே ஒரு தடவ," என்று அவள் கை தானாகவே எந்திரத்துக்குப் போனது. தம்பி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"பாக்காதக்கா. பாத்தா இருக்கிறதும் போயிரும்."

"பாக்காம எப்படிடா போய் நிக்கிறது?"

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. பயந்துக்கிட்டே போவோம்."

பூட்டக்கா வாழ்க்கையில் எதையும் இழுத்துப் பார்க்காமல் ஓர் இரவைக் கழித்தது அன்றுதான்.

சனிக்கிழமை காலை வீட்டு அலுவலகத்தில் ஒரு கண்ணாடிக்காரர் உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் ஓர் இளஞ்ஜோடி. அந்த அறைக்கு அடுத்த ஆள் இவர்கள்தான் என்று பார்த்ததுமே தெரிந்தது. கண்ணாடிக்காரர் கார்டைத் தேய்த்துவிட்டு எந்திரத்தை அவள் பக்கம் திருப்பினார். எண்களை அழுத்தினாள். சின்னத் திரையில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது.

"லைன் கொஞ்சம் மெதுவாத்தான் இருக்கும்," என்றார் அவர்.

வட்டம் சுற்றியது. மகளின் பை, இரண்டு சடை, போனில் 'எப்பம்மா' என்கிற குரல், எல்லாம் அந்த வட்டத்துக்குள் சேர்ந்து சுற்றின. தம்பி மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. இளஞ்ஜோடியில் அந்தப் பெண் இவளுடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிர்ரென்ற சத்தத்துடன் காகிதம் வெளியே வந்தது.

"ஆச்சும்மா," என்றார் கண்ணாடிக்காரர், சாதாரணமாக. "மீதி எவ்வளவு இருக்குன்னு பாத்துச் சொல்லட்டுமா? இதுலயே வரும்."

"வேணாம்!" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். அவள் பாய்ந்து கார்டைப் பிடுங்கிக்கொண்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

தெருவில் இறங்கிய பிறகும் பயம் விடவில்லை. அடுத்த சம்பளமும் இந்தக் கார்டில்தான் வந்து விழும். "மூடிரலாம்க்கா," என்றான் தம்பி. "மூடுறதுக்கும் காசு கேப்பான்," என்றாள். அவனுக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கு வரவில்லை. திங்கட்கிழமை குமாஸ்தாவிடம் போய், கெட்ட பெயரோடு வேறு என்ன வழி இருக்கிறது என்று கேட்கவேண்டும். எல்லாவற்றுக்கும் எவ்வளவு பிடிப்பார்கள் என்று முதலில் கேட்கவேண்டும்.

மன்னிப்பு என்ற சொல் அவர்கள் வீட்டில் புழங்கியதில்லை. "குடோன்ல இருக்கிற பையை எடுத்துட்டு வந்துரு," என்றாள். "மாடிக்கு அடுப்பு ஏத்தணும்."

"ம்," என்றான்.

புது வீட்டு மாடிப்படி ஏறும்போது அவள் கை சட்டைப்பைக்குள் போய்ப் போய் வந்தது. சாவி இருந்தது. இன்னும் இரண்டு படி ஏறி மறுபடி தொட்டாள். இருந்தது. பின்னால் வந்தவன் பார்த்துவிட்டான் என்று தெரிந்ததும் திருட்டுத்தனம் பிடிபட்டதுபோலக் கையை வெளியே எடுத்துக்கொண்டாள்.

"பாத்துக்கக்கா," என்றான் தம்பி. "எத்தன தடவ வேணும்னாலும் பாத்துக்க. அதுக்கு எவனும் புடிக்க மாட்டான்."