பஸ் ஸ்டாண்டில் போட்ட சபதம்

அந்தச் சபதத்தைப் போட்டபோது பொன்னுரங்கத்திடம் வண்டியே கிடையாது. தெய்வநாயகிக்கு வயிறெரிந்தது அதனால்தான்.

பழவேற்காடு பஸ் ஸ்டாண்டில் நடந்தது அது. அவள் பொன்னேரி மார்க்கெட்டில் மீன் விற்பவள். கோட்டைக்குப்பத்திலிருந்து கூடையோடு வந்து, தினமும் அதே காலை பஸ்ஸில், அதே பின்படிக்கட்டில் ஏறுவாள். அன்றைக்குப் புதிதாக வந்திருந்த கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "நாத்தம் தாங்கலம்மா, எறக்கு எறக்கு" என்று கூடையைக் காலால் நகர்த்தினான். அவளுக்கு இதெல்லாம் பழக்கம்தான். எந்தக் கண்டக்டரும் கொஞ்ச நாள் முறைப்பான். ஒருநாள் வீட்டுக்கு நாலு கெழங்கான் மீன் வாங்கிக்கொண்டு போனால் அதோடு மூக்கு சரியாகிவிடும். இவனையும் அப்படியே வழிக்குக் கொண்டுவந்திருப்பாள். அதற்குள் டீக்கடையில் இருந்த அவள் புருஷன் பொன்னுரங்கம் கிளாஸை வைத்துவிட்டுப் பாய்ந்து வந்தான்.

"இன்னாடா, காலால தள்றே? இனிமே என் பொஞ்சாதி இந்த பஸ்ல ஏற மாட்டா! நீ ரைட் குட்றா!"

கண்டக்டர் சந்தோஷமாக விசில் ஊதினான். பஸ் போயிற்று. நின்றிருந்த ஆம்பளைகள் எல்லாரும் பொன்னுரங்கத்தின் தோளைத் தட்டினார்கள். தெய்வநாயகியை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

"அப்ப நான் எதுலய்யா போறது?" என்றாள்.

"நான் இட்டுக்கினு போறேன்."

"எதுல?"

பொன்னுரங்கம் ஏரிப் பக்கம் பார்த்தான். ஏரி வழியாகப் பொன்னேரிக்குப் போக முடியாது என்பது அவனுக்கும் தெரியும்.

அடுத்த பஸ்ஸில் போனால் மார்க்கெட் கலையும் நேரத்துக்குத்தான் போய்ச் சேரலாம். ஷேர் ஆட்டோக்காரர்கள் கூடையைப் பார்த்ததும் வேகம் பிடிப்பார்கள். காலை பஸ்ஸிலேயே மறுபடி ஏறினால், ஊர் முன்னால் சொன்ன வார்த்தை போய் புருஷன் தலைகுனிய வேண்டும். ஆக, அவன் சபதத்தை அவள் சுமக்க ஆரம்பித்தாள். கூடையைத் தலையில் வைத்து, நெல் விளைகிற பக்கத்து ஊர்களில் தெருத் தெருவாக நடந்தாள். பாதி விற்கும். மீதி கருவாடாகும்.

அந்த வாரமே வண்டி வந்தது. சுண்ணாம்புக்குளத்தில் இருக்கும் பங்காளி ஒருவனிடம் பழைய வலையைக் கொடுத்துவிட்டு, பழைய மோட்டார் சைக்கிளை வாங்கிவந்தான் பொன்னுரங்கம். அந்த வலையில் மீனைவிட ஓட்டை அதிகம். வண்டியில் இரும்பைவிடத் துரு அதிகம். அவனை ஏமாற்றிவிட்டதாக இவனும், இவனை ஏமாற்றிவிட்டதாக அவனும் ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொண்டு பிரிந்தார்கள்.

"மெக்கானிக் கையில குடேன்யா" என்றாள் தெய்வநாயகி.

"இன்னாமே பேசறே? படகு எஞ்சின நடுக்கடல்ல பிரிச்சி மாட்டினவன் நான். இது ரெண்டு சக்கரம். இதுக்கு மெக்கானிக்கா?"

வாசலில் பிரித்துப் போட்டான். உப்புக் காற்றில் நட்டுகள் எல்லாம் இறுகிப்போயிருந்தன. ஸ்பானரைப் போட்டால் நட்டு நிற்கும், அதன் மூலை மட்டும் மழுங்கும். கார்புரேட்டரை அவளுடைய அரிசி களையும் பாத்திரத்தில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவினான். அந்த வாரம் முழுக்க சோற்றில் மண்ணெண்ணெய் வாடை அடித்தது. கிளட்ச் ஒயர் அறுந்திருந்தது. அதற்குப் பதில் வலை நூலை முறுக்கிக் கட்டினான். அவன் போட்ட முடிச்சு அவிழவே அவிழாது என்பது குப்பத்துக்கே தெரியும். முடிச்சு அவிழவில்லைதான், ஆனால் ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும் நூல் நீண்டுகொண்டே போனது. பிறகு முனகிக்கொண்டே ஒயர் வாங்கப் போனான்.

எல்லாவற்றையும் மாட்டி முடித்தபோது, ஒரு கை அளவுக்கு போல்ட்டும் வாஷரும் மிச்சம் இருந்தன.

"இதெல்லாம் இன்னாய்யா?"

"கம்பெனிக்காரன் ஓவரா போட்டு வச்சிக்கிறான்மே. வெயிட்டு கொறஞ்சா நல்லதுதான்." மிச்சத்தை ஊறுகாய் பாட்டிலில் போட்டு மாடத்தில் வைத்தான். வாரா வாரம் பாட்டில் நிறைந்துகொண்டு வந்தது.

ஸ்டார்ட் பண்ணிப் பார்க்க, அந்தக் காலத்தில் ஊரை ஆண்ட டச்சுக்காரன் கல்லறைச் சுவரோரம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவான். உதைப்பான், உதைப்பான், கால் வீங்கும்வரை உதைப்பான். பக்கத்து வீட்டு மாரி, வலையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்று வேடிக்கை பார்ப்பான்.

"அண்ணே, நீ ஒதைக்கிற ஒதைக்கு உள்ள படுத்துக்கினு கீற டச்சுக்காரன் எய்ந்தாலும் எய்ந்துருவான். இது எயாது."

அப்படியிருக்கையில் பொன்னேரியிலிருந்து நாகம்மாள் ஆள் மூலம் சொல்லியனுப்பினாள். மார்க்கெட்டில் அவளுக்கும் தெய்வநாயகிக்கும் அடுத்தடுத்த இடம். நுழைந்ததும் கண்ணில் படுகிற இடம், மேலே புங்கமர நிழல். வராமல் போனவளின் இடத்தை இத்தனை நாள் தன் காலிக் கூடையை வைத்துப் பாதுகாத்தவள் நாகம்மாள்தான். அவளும் எத்தனை நாளைக்குத்தான் காப்பாள்?

"என் மருமவ புள்ள பெத்துக்கினு அம்மா ஊட்லருந்து வந்துட்டா. ஞாயித்துக்கெயம சந்தைக்குள்ள தெய்வா வந்து குந்தினா அது அவ எடம். இல்லாங்காட்டி என் மருமவ குந்துவா. அப்புறம் என் மேல வருத்தப்படக் கூடாது."

இதைக் கேட்டதும் தெய்வநாயகிக்கு அழுகையே வந்துவிட்டது. கல்யாணமாகி வந்த புதிதில் மார்க்கெட் வாசல் வெயிலில் உட்கார்ந்து, பிறகு சாக்கடையோரம் உட்கார்ந்து, சண்டை போட்டுப் போட்டு நகர்ந்து வந்து பிடித்த நிழல் அது. அவள் தனக்கென்று சம்பாதித்தது அந்த ஒன்றைத்தான். "ஞாயித்துக்கெயம நான் அங்க குந்தணும். வண்டியில போவியோ தோள்ல தூக்கிக்கினு போவியோ, எனக்குத் தெரியாது" என்று புருஷனிடம் சொன்னாள்.

சனிக்கிழமை சாயந்திரம், பொன்னுரங்கம் நம்பிக்கையில்லாமல் உதைத்த ஓர் உதையில் வண்டி உறுமியது. மாரி வலையைக் கீழே போட்டான். தெய்வநாயகி அடுப்பை விட்டு ஓடிவந்து பார்த்தாள். கல்லறைச் சுவரோரம் போய்த் திரும்பி, பிரேக்கைப் பிடித்து அவள் முன்னால் டக்கென்று நிறுத்தினான் பொன்னுரங்கம். தொலையட்டும், புருஷன் ஜெயித்துவிட்டான் என்று அவளுக்கு மனசு நிறைந்துபோனது.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் ஒரு படகை முதன்முதலாகத் தண்ணியில் இறக்கும் முன், உப்பு அரிக்காமலிருக்க மீன் எண்ணெய் பூசுவது அவன் அப்பன் பாட்டன் காலத்து வழக்கம். மரப்படகுகள் போய் ஃபைபர் படகுகள் வந்த பிறகு வேலையில்லாமல் கிடந்த ஒரு டின் எண்ணெயை எடுத்தான். சக்கரங்களைக் கழற்றி, ஓர் இண்டு இடுக்கு விடாமல் துணியால் பூசினான். சக்கரத்துக்குள் பிரேக் கட்டை உரசுகிற இடம் காய்ந்து சொரசொரவென்று இருப்பதைப் பார்த்து அவனுக்கு மனசு கேட்கவில்லை. அங்கே மட்டும் இரண்டு தடவை பூசினான்.

ஞாயிற்றுக்கிழமை காலை சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துக் கிளம்பினார்கள். கூடை பின்னால். நடுவில் தெய்வநாயகி. எஞ்சின் சூடேறியதும், மேலே பூசிய எண்ணெய் புகைய ஆரம்பித்தது. குப்பத்து நாய்களும் பூனைகளும் தெரு முனைவரை வழியனுப்பின.

பஸ் ஸ்டாண்டில், தோளைத் தட்டிய ஆம்பளைகள் முன்னால் நிறுத்திக் காட்டிவிட்டுப் போக நினைத்தான் பொன்னுரங்கம். வண்டி டீக்கடையைத் தாண்டி, மசாலாக் கடையைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.

"பிரேக்க புடிய்யா!"

"புடிச்சிக்கினுதான் கீறேன்!"

அவனுக்கு அது பெரிய குறையாகவே தோன்றவில்லை. படகுக்கு ஏது பிரேக்? கரை தெரிந்ததும் எஞ்சினைத் தணித்துவிட்டால், அது பாட்டுக்கு வந்து சேரும். வண்டியையும் அப்படியே ஓட்டினான். பள்ளம் தெரிந்தால் பனைமரத் தூரத்திலேயே தணித்தான். மாடு தெரிந்தால் அதற்கும் முன்னால். பின்னால் தெய்வநாயகி கூப்பிடாத சாமியில்லை. ஆனாலும் பொன்னேரி நெருங்கிக்கொண்டே வந்தது. புங்கமர நிழல் அவள் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டது.

அப்போதுதான் முன்னால் அந்த பஸ் தென்பட்டது. பின்படிக்கட்டில் அதே கண்டக்டர்.

"வாணாய்யா" என்றாள் தெய்வநாயகி. அவன் காதில் எங்கே விழுந்தது? பஸ்ஸை முந்திப்போகையில் கண்டக்டரைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிக்க வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு. முறுக்கினான். பஸ் வழியில் ஓர் ஊர் நிறுத்தத்தில் நின்றுவிட்டது. எதிரே டிராக்டர். முந்தவும் வழியில்லை, நிறுத்தவும் வழியில்லை. ஓரத்தில் குவித்திருந்த வைக்கோலைப் பார்த்து ஒடித்தான். வண்டி வைக்கோலுக்குள் பாதி வரை புகுந்து அணைந்தது.

யாருக்கும் அடியில்லை. தெய்வநாயகி எழுந்து முதலில் கூடையைத்தான் பார்த்தாள். வலைக்கயிற்றால் கட்டிய கட்டு அவிழவில்லை, ஒரு மீன்கூடச் சிந்தவில்லை. பொன்னுரங்கம் தலையெல்லாம் வைக்கோலோடு, உடம்பெல்லாம் எண்ணெயோடு நின்றான். "போயி… மெக்கானிக்க இட்டாரணும்" என்றான். அந்த வார்த்தையை அவன் வாயால் கேட்க இத்தனை நாள் காத்திருந்தவள் அவள். கேட்டபோது பாவமாகத்தான் இருந்தது.

கூடையைத் தூக்கிக்கொண்டு அவள் பஸ்ஸை நோக்கி நடந்தாள். பின்னாலேயே அவனும் வந்தான்.

கண்டக்டர் மூக்கைப் பொத்தினான். பிறகு கையை எடுத்துவிட்டு, கூடைப் பக்கம் குனிந்து முகர்ந்து பார்த்தான். நிமிர்ந்து பொன்னுரங்கத்தின் பக்கம் முகர்ந்தவன் படிக்கட்டிலிருந்தே ஓர் அடி பின்வாங்கினான்.

"கூடையில இன்னாம்மா?"

"கெழங்கா. விடியக்காலம் புடிச்சது."

"நீ ஏறும்மா. கூடைய அப்பால தள்ளி வை. இந்தாளு வேணாம். நாத்தம் தாங்கல, பஸ்ஸே காலியாயிடும்."

பொன்னுரங்கம் ஒரு காலைப் படியில் வைத்தபடி பொண்டாட்டியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். நாகம்மாளின் மருமகள் இந்நேரம் முந்தானையை உதறிக்கொண்டு புங்கமரத்தடிக்கு நடந்துகொண்டிருப்பாள். தெய்வநாயகி கூடையை மேலே வைத்து, ஏறி நின்று, பஸ் முழுக்கக் கேட்கும்படி குரலை உயர்த்தினாள்.

"இனிமே என் ஊட்டுக்காரரு இந்த பஸ்ல ஏற மாட்டாரு! நீ ரைட் குடுப்பா!"