பதிமூன்று நாள் மண்சூடு

அப்பா போன பதிமூன்று நாளும் நான் பண்ணைக்குப் போகவில்லை. கரமனை ஆற்றங்கரையில் காரியங்கள், வீட்டில் தீட்டு. ஆராய்ச்சிப் பண்ணையில் மண்ணின் சூட்டை அளப்பவன் நான் ஒருவன்தான். காலை ஏழு மணிக்கும் பகல் இரண்டு மணிக்கும், ஐந்து, பத்து, இருபது சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண்ணில் இறக்கியிருக்கும் மூன்று தெர்மாமீட்டர்களைக் குனிந்து பார்த்து எழுத வேண்டும். ஆள் இல்லாத நாளில் ரிஜிஸ்டர் கட்டத்தில் ஒரு கோடு போட்டால் போதும். யாரும் கேட்கமாட்டார்கள்.

என் பத்தொன்பது வருஷத்தில் ஒரு கோடு கிடையாது.

பதினாலாம் நாள் காலையில் ரிஜிஸ்டரைத் திறந்தேன். பதிமூன்று வரிகள் காலியாகக் கிடந்தன. அப்பாவுக்கு ஒரு பிண்டம்கூடத் தவறாமல் போட்டவன் இங்கே இத்தனையும் விட்டிருக்கிறேன் என்று தோன்றியது. போன வருஷம் அதே தேதிகளின் பக்கத்தை அருகில் வைத்துக்கொண்டு, புள்ளிக்குப் பின்னால் இருந்த எண்களை மட்டும் மாற்றி மாற்றி எழுதினேன். போன ஐப்பசியில் விடாத மழை. இந்த ஐப்பசியில் ஒரு தூறல் இல்லை. எழுதும்போது அது நினைவுக்கு வரவே இல்லை.

விவசாயிகளுக்குச் செய்தி அனுப்பும் லிபி வந்து பக்கங்களைப் போட்டோ எடுத்தாள்.

"சாரே, நீங்க லீவுன்னுல்லா நெனச்சேன். தீட்டோட வந்தீங்களா? உங்க தெருவில தெரிஞ்சா கல்லெறிவாங்க."

சிரித்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் முதல் பொய்யா, எழுதியது முதல் பொய்யா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

மதியம் செய்தி போனது. மண் குளிர்ந்துவிட்டது, காலிஃபிளவர் நாற்று நடலாம்.

இரண்டு மணிக்குப் போய்க் குனிந்தேன். பத்து சென்டிமீட்டரில் முப்பத்தைந்து டிகிரி. முந்தின நாள் பகலுக்கு நான் எழுதியிருந்தது இருபத்தொன்பது. அங்கேயே வெகுநேரம் குந்தியிருந்தேன். பிறகு லிபியின் அறைக்குப் போய் உண்மையைச் சொன்னேன்.

அவள் போனைக் கையில் வைத்தபடி என்னையே பார்த்தாள். பிறகு செய்தி போனவர்களின் பட்டியலைத் திறந்தாள்.

"முப்பது பேருக்குப் போயாச்சு," என்றாள். "நான் கூப்பிட்டுச் சொல்றேன். எடுக்காதவங்க வீட்டுக்கு நீங்க போங்க."

எல்லோரும் எடுத்தார்கள், பாறசாலை ராஜமணியைத் தவிர. ஒரு தெர்மாமீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் மனைவி ராகேல் கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நட்ட நாற்றுகள் தலை சாய்ந்து கிடந்தன.

"வாங்க சாரே!" என்றார் ராஜமணி. "மெசேஜ் கண்டதும் எறங்கியாச்சு. போனு வீட்டில கெடக்கு. நீங்க அளந்ததுன்னா தப்பாதுல்லா?"

"நான் அளக்கலை, ராஜமணி."

"பின்ன அந்த நம்பரு?" என்றாள் ராகேல்.

"போன வருஷத்தது."

அவள் குடத்தைக் கீழே வைத்தாள். "போன வருஷத்து மழையை நம்பி இந்த வருஷம் நட வச்சிட்டீங்க. ஆயிரத்து நானூறு நாத்து சாரே. நாப்பது நாளா பிள்ளை மாதிரி பாத்தது."

ராஜமணி தென்னை ஓலைகளை இழுத்து வந்து பாத்திகளின் மேல் நிழலுக்குச் சாய்க்க ஆரம்பித்தார். நானும் ஒரு ஓலையைத் தூக்கினேன். அவர் அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

வேறு என்ன செய்வதென்று தெரியாமல் தெர்மாமீட்டரை எடுத்து மண்ணில் இறக்கினேன். "தினமும் வந்து பாத்துச் சொல்றேன்," என்றேன்.

"வேண்டாம். அது இங்க நிக்கட்டும். எப்படிப் பாக்கணும்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க," என்றார் ராஜமணி.

சொன்னேன். சற்று நேரம் பொறுத்து அவர் முழங்காலிட்டு, கண்ணைச் சுருக்கி, வெகுநேரம் பார்த்தார்.

"என்ன காட்றது?" என்று கேட்டேன்.

எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, அந்த எண்ணை ராகேலிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்.