பாய்க்கு ரெண்டு ஸ்ட்ராப்

என் கணவர் அனந்தகிருஷ்ணனுக்கு ஷார்ஜாவில் ஓர் ஏசி கம்பெனியில் டிசைன் வேலை. வீட்டுக்கு வந்தால் பை டிசைன் செய்யும் பைத்தியம். வாரநாளில் ஆபீஸுக்கு லேப்டாப் பை. சனிக்கிழமை அதையே மலையேறும் பையோடு ஜிப் போட்டு மாட்டிக்கொள்ளலாம், வேண்டாதபோது கழற்றலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். முதல் மாதிரி துபாய் மெட்ரோவில் தானாகவே கழன்று விழுந்தது. இரண்டாவதைக் கழற்றவே முடியாமல், முழு மூட்டையோடு மீட்டிங்கில் உட்கார்ந்துவிட்டு வந்தார்.

மூன்றாவதை ஹத்தா மலையில் வைத்துப் பார்ப்பதாகச் சம்யுக்தா சொல்லியிருந்தாள். துபாயில் மலையேற்றச் சாமான் கடை நடத்துபவள். அவளும் வேண்டாம் என்றால் ஹாலில் கிடக்கும் ஜிப்பும் துணியும் குப்பைக்குப் போகும் என்று நான் சத்தியம் வாங்கியிருந்தேன். மனுஷன் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கே பாவமாக இருந்தது.

பை தைப்பவர் ஷார்ஜா ரோலா பஜாரில் கடை வைத்திருக்கும் கீழக்கரை முகம்மது ரிபாய். படுக்கிற பாயைச் சுருட்டிக் கட்டப் பையில் இடமே விடவில்லை என்பது கடைசியில் ஞாபகம் வந்து, இவர் அவசரமாக அவருக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார்.

"பாய் இல்லாம மலைக்குப் போறதா இல்லை. பாய்க்குத் தனியா ரெண்டு ஸ்ட்ராப் வச்சுடுங்க. சனிக்கிழமை காலைல ஆறு மணிக்குக் கிளம்பறோம்."

சனிக்கிழமை ஆறு மணிக்குத் தைத்து முடித்த பை, புது ஷூ, தொப்பி, ஒரு டப்பா பிரியாணி சகிதம் எங்கள் கார் பக்கத்தில் ரிபாய் நின்றிருந்தார். படுக்கிற பாயைக் கேட்டால் தைக்கிற பாய் வந்துவிட்டார்!

"பதினோரு வருஷமா ரோலாவுல கிடக்கேன் தங்கச்சி. ஒருத்தரும் எங்கயும் கூப்பிட்டதில்ல. சார் என்னடான்னா, நான் இல்லாம போகவே மாட்டேங்கறாரு!"

இவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பேசாமல் வண்டியை எடுக்கச் சொன்னேன்.

மலையில் பாதி தூரம் ஏறியதும் சம்யுக்தா பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "லேப்டாப் பகுதியைக் கழட்டினா, அதை யார் கையில தூக்கிட்டு நடக்கறது?"

இவர் ஜிப்பைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தார். போச்சு என்று நினைத்தேன்.

ரிபாய் பாய் முன்னே வந்து, அந்தப் பகுதியைக் கழற்றி, பின்னாலிருந்து இரண்டு ஸ்ட்ராப்பை இழுத்துத் தம் முதுகில் மாட்டிக்கொண்டார். உள்ளே பிரியாணி.

"எனக்குன்னு தனியா ரெண்டு ஸ்ட்ராப் வைக்கச் சொன்னதே சாருதான். அவருக்கு ஒரு பை, எனக்கு ஒரு பை."

"ஒரே பை, ரெண்டு பேருக்கு!" சம்யுக்தா சிரித்துவிட்டாள். "முதல்ல இருபது தைச்சுக் கொடுங்க. இது எப்படி சார் தோணுச்சு?"

இவரோ பொய் சொல்லத் தெரியாத ஜன்மம். "அது வந்து... நான் சொன்னது படுக்கற..."

இவர் காலை ஓங்கி மிதித்தேன். இவர் பாயைப் பார்த்தார். முதல் நாள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை மாதிரி, பையும் முதுகுமாக அவர் முகமெல்லாம் பூரித்து நின்றார்.

"படுக்கற... படுக்கற நேரத்துல தோணிச்சு," என்றார் என் கணவர். "பாயை விட்டுட்டு எப்படிப் போறதுன்னு."

கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் இவர் உருப்படியாகச் சொன்ன பொய் அது ஒன்றுதான்.